கூடுதல் ஐம்பது

படம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
செங்கோட்டை நூலக மாடியில்
ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிப் போட்டார்கள்.
இரவுப் பணிக்குக் கொஞ்சம் பிந்தும் என்று
காஜா மைதீன் முதலாளியிடம் சொல்லிவிட்டு
கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நடனம் அமைக்கிற ஜெயசீலியின் முப்பது வருடம்.
பேருந்து நிலையத்தில் தூங்குகிறவர்கள்
புரண்டு படுப்பதை வைத்து ஒன்று.
ரப்பர் பால் வடிகிற வேகத்தில்
ஒரே ஒரு கை இறங்குகிற இன்னொன்று
(அதில் கண் அசந்துவிட்டேன்).
நடுநடுவே யார் யாரோ வந்து பாராட்டினார்கள்.
ஒருவர் பின்னால் மீன்தொட்டி.
அவர் பேசி முடிக்கும்வரை
நான் மீனைத்தான் பார்த்தேன்.

பிறகு எங்கள் எடைமேடை வந்தது.

புளியரை மலை வளைவுக்கு முன்னால்
கேரளத்துக்குப் போகிற லாரிகள் ஏறி நிற்கிற இரும்பு.
வைக்கோல், வாழைத்தார், ஜல்லி, கறிக்கோழி.
மொத்த எடையில் வண்டியின் எடை போனால் சரக்கு.
பதினான்கு வருடமாக
எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சாரல்.
கணவாய்க் காற்று தகரத்தைப் பிய்த்தது.
ஆறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள்.
முந்நூற்று இருபது என்று காட்டியது பலகை.
அந்தச் சிவப்பு எண்தான் அவர்களுக்குத் தாளம்.
குதித்தால் எண் சிதறும்,
விழுந்தால் எகிறும்,
ஷிபின் என்ற பையன் நாச்சியாரைத் தோளில் தூக்கியபோது
ஒன்றுமே மாறவில்லை.
அதற்கு ஏன் அத்தனை பேர் கைதட்டினார்கள்?
ஒருத்தி இன்னொருத்தன்மேல் ஏறினால்
இரும்புக்கு என்ன தெரியும்?

கிழக்கு ஓரத்து விளக்கை மட்டும்
அணைக்கச் சொன்னார் அம்மா.
அணைத்தேன்.
கேமரா மேற்கே இருந்தது.

கடைசியில் ஆறு பேரும் மல்லாந்து படுத்தார்கள்.
எண் தள்ளாடித் தள்ளாடி நின்றது.
முந்நூற்று எழுபது.
ஈரம் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.
எல்லோரும் இறங்கியதும் பார்த்தேன், பூஜ்யம்.
அடுத்து வந்த அன்னாசி லாரிக்கும்
கிலோ பிசகவில்லை.

இப்போது திரையில் அதே எண்
ஆள் உயரத்துக்குச் சிவந்து நிற்கிறது.
பின்னணிக் குரல் தழுதழுத்துச் சொல்கிறது:
'இடுப்பு அறுவைக்குப் பிறகு
பதினோரு வருடமாக அவர் ஆடுவதில்லை.
ஆட வைக்கிறார்.'

எண்ணை யாரும் படிக்கவில்லை.
படம் எடுத்த தேவநேசன்கூட
அது அழகாக இருக்கிறது என்றுதான் வைத்திருக்கிறார்.

விளக்கு போட்டார்கள். சால்வை, கைதட்டல்,
ஆடுவதை விட்டது வலிக்கிறதா என்று ஒரு கல்லூரிப்பெண்.
ஜெயசீலி அம்மா தண்ணீர் குடித்தார்.
கேள்வி மறந்துபோகும்வரை குடித்தார்.

மாடிப்படியில் ஊன்றுகோலும் கையுமாக
என்னை அடையாளம் கண்டு நின்றார்.
'எடைமேடைக்காரரே, படத்துல உம்மக் காணலையே.'
'என் கை வருதும்மா, சுவிட்சைத் தட்டுற இடத்துல.'
பிறகு வாய் அடங்காமல் சொன்னேன்:
'அன்னைக்கு ஐம்பது கூட இருந்துச்சு.'

சுற்றிலும் பார்த்தார்.
ஒரு படி இறங்கினார். இன்னொரு படி.
'நாப்பத்தெட்டு' என்றார்.
'உம்ம மிஷின் பத்துப் பத்தாத்தான் எண்ணும்.'

பணிக்குப் போய்ச் சேர்ந்தபோது
பதினோரு லாரி வரிசையில்.
முதல் வண்டிக்காரன் என் அப்பனையும் சேர்த்துத் திட்டினான்.
அன்றைய ரசீதின் என் பிரதி மேசை இழுப்பறையில் இருக்கிறது.
வண்டி எண் இல்லாமல் அச்சாகாது என்பதால்
முன்னால் போன கோழி லாரியின் எண்ணைப் போட்டிருந்தேன்.
சரக்கு என்ற இடத்தில்
என்ன எழுதுவது என்று அன்றைக்கும் தெரியவில்லை.
கறிக்கோழி என்றே இருக்கிறது.